முதல் பந்தி

பாம்! பாம்! பாஆஆம்!

யோகேஸ்வரி தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தாள். சிவகாசிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திடீர்ச் சத்தம் எதுவானாலும் முதலில் வயிற்றில்தான் கேட்கும். எங்கேயோ வெடித்துவிட்டது என்று நினைத்த பிறகுதான், அது என்ன சத்தம் என்று காது யோசிக்க ஆரம்பிக்கும்.

வாசலில் வேன் ஹார்ன்.

பக்கத்தில் படுத்திருந்த கணவன் காளீஸ்வரன் தலையணைக்கு அடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். அப்பாவின் பட்டாசுக் கம்பெனியை இப்போது அவன்தான் கவனித்துக்கொள்கிறான்.

"ஏலே செல்லப்பாண்டி! ஹார்ன் அடிக்காதேன்னு எத்தனை தடவைலே சொல்றது? போன் போட வேண்டியதுதானே?"

"போட்டேன் அண்ணாச்சி, நீங்க எடுக்கலையே!" கீழேயிருந்து டிரைவர் குரல் வந்தது. குடோன் சாவி இருட்டில் பறந்து போய் விழுந்தது. வேன் உறுமிக்கொண்டு தெரு திரும்பியது.

"விடியக்கூட இல்லையேங்க. தெருவே முழிச்சுக்கிரும்" என்றாள் யோகேஸ்வரி.

"சீசன்ல்லா? வெள்ளனவே ஆளுகளை ஏத்தணும். வடக்கே போற லோடு அம்புட்டும் தேங்கிக் கிடக்கு. நல்லவேளை, அப்பா காதுல மெஷினைக் கழத்திட்டுத் தூங்குறாக." கொட்டாவி விட்டபடி திரும்பப் படுத்தான். "நீ எங்கன கிளம்பிட்ட, கவுன்சிலரம்மா?"

"பள்ளிக்கூடத்துக்கு. இன்னைக்குப் புதன்கிழமை."

காளீஸ்வரன் ஒரு கண்ணைத் திறந்தான். "ஓ! உனக்கும் அப்பாவுக்கும் போட்டி நாளா? நான் யார் பக்கமும் இல்லப்பா."

போட்டிதான். போன வாரம் அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. திருத்தங்கலில் ஜெயச்சந்திரன் தன் தாயார் பெயரில் நடத்திவரும் சண்முகவடிவு துவக்கப்பள்ளியில், காலைப் பிரார்த்தனை வரிசையில் சினேகா என்ற மூன்றாம் வகுப்புப் பெண் மயங்கி விழுந்தாள். "வெயில்" என்றார் பள்ளிச் செயலாளரான ஜெயச்சந்திரன். "பசி" என்றாள் அவருடைய மருமகளும் அந்த வார்டின் கவுன்சிலருமான யோகேஸ்வரி. அரசாங்கத்தின் காலை உணவுத் திட்டம் உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது; மாநகராட்சியில் அலையாய் அலைந்து அதை இந்தப் பள்ளிக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள் அவள்.

மாமனாருக்கோ அது அவமானமாக இருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடுதான் இறங்கிவந்தார்.

"ஒரு நாள் சமைக்கட்டும். பிள்ளைகளையே கேப்போம். சாப்பிடலைன்னு சொல்ற பிள்ளைகள் சாப்பிடட்டும். ஒருத்தரும் சொல்லலைன்னா, எங்களுக்கு வேண்டாம்னு அன்னைக்கே நான் மாநகராட்சிக்குச் சொல்லிருவேன். நீ குறுக்க வரக்கூடாது."

அந்த ஒரு நாள்தான் இன்று.

---

பள்ளிக்குப் பின்னால் பழைய பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த கொட்டகைதான் இப்போது சமையலறை. வெள்ளையடித்து, புகைபோக வழி வைத்து, புது கேஸ் அடுப்பு இறக்கியிருந்தார்கள். யோகேஸ்வரி உள்ளே நுழைந்தபோது அடுப்பின் நீல வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. அதற்கு மேலே அண்டா.

அப்படியோர் அண்டாவைக் கல்யாண வீடுகளில் அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் வேகும்போது பக்கத்தில் நின்றதில்லை. அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, ஏதோ மூச்சு விடுகிற பிராணி போல மேலே எழும்புவதும் அமிழ்வதுமாக இருந்தன. மகளிர் குழுவைச் சேர்ந்த ரோஜா துடுப்பு போன்ற கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை வளைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். அடுத்த அடுப்பில் சாம்பார். கூட இருந்தவள் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையை நெய்யில் போட்டதும் 'சொய்ங்' என்று எழுந்த வாசனை கொட்டகையைத் தாண்டி, மதிலைத் தாண்டித் தெருவுக்கே போனது.

யோகேஸ்வரி அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாதக்கணக்கில் மாநகராட்சி மாடிப்படி ஏறியிறங்கி, கூட்டங்களில் எழுந்து பேசி, அவள் கேட்டது 'திட்டம்'. இங்கே கொதித்துக்கொண்டிருப்பது சோறு. அந்தச் சொல்லுக்கும் இந்தப் பொருளுக்கும் எவ்வளவு தூரம்!

"என்னக்கா, பேச்சையே காணோம்?" ரோஜா சிரித்தாள். "உப்புப் பாத்துச் சொல்லுங்க."

"நான் பாக்கக் கூடாது ரோஜா. முதல் வாய் பிள்ளைகளுக்குத்தான்."

"அப்ப உப்பு கூடிப்போச்சுன்னா பிள்ளைகள்கிட்ட நீங்கதான் ஏச்சு வாங்கணும்!"

"வாங்குறேன். சாப்பிட்டுட்டு ஏசட்டும், அது போதும்."

---

குளித்துப் புடவை மாற்ற அவள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் ஜெயச்சந்திரன் வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். காதில் மெஷின் ஏறியிருந்தது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுத் தண்ணீரும் குடித்தாயிற்று. அத்தை லட்சுமிகாந்தம் ஆவி பறக்கும் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா பேருல நடக்கிற பள்ளிக்கூடம்" என்று இட்லியைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "அங்கன பட்டினிப் பிள்ளைகள் படிக்குதுன்னு ஊர் பேசணுமாக்கும். அதுக்கு என் மருமகளே வழி பண்ணுதா."

பேசாமல் போய்விட வேண்டும் என்றுதான் யோகேஸ்வரி நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"ஊர் பேசுறது இருக்கட்டும் மாமா. சினேகா விழுந்தப்ப நான்தான் தூக்கினேன். மூணாங் கிளாஸ் பிள்ளை மாதிரியா கனம் இருந்துச்சு? ஒரு பூக்கூடையைத் தூக்குற மாதிரி இருந்துச்சு. அது வெயில் இல்ல மாமா."

ஜெயச்சந்திரன் தட்டைத் தள்ளினார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எம்புட்டு நேரமாச்சு மாத்திரை போட்டு! ஒரு வாயாவது பிச்சுப் போட்டுட்டுப் போங்களேன்!" லட்சுமிகாந்தம் பின்னாலேயே வாசல் வரை ஓடினாள். "ஏங்க, உங்களைத்தான்!"

மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போய்விட்டது.

"நீயும் கொஞ்சம் பொறுத்துப் பேசியிருக்கலாம் யோகா" என்றாள் அத்தை, ஆறிப்போகும் இட்லியைப் பார்த்தபடி.

---

மைதானத்தில் பிள்ளைகள் வகுப்புவாரியாக வரிசையில் நின்றார்கள். வேப்பமரத்தடியில் ஜெயச்சந்திரன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. பொங்கல் அண்டாவை இரண்டு பெண்கள் கம்பு கோத்துத் தூக்கிவந்து வராந்தாவில் இறக்கினார்கள். ரோஜா மூடியை நகர்த்தினாள். நெய் வாசனை வரிசையின் மேல் அலைபோல் போனதை யோகேஸ்வரி கண்ணாலேயே பார்த்தாள். முன்வரிசை மூக்குகள் முதலில் நிமிர்ந்தன, அப்புறம் அடுத்த வரிசை, அப்புறம் அதற்கடுத்தது.

தலைமை ஆசிரியை ஸ்ரீமதி மைக்கைக் கையில் எடுத்தார்.

"பிள்ளைகளா, இன்னைக்கு நம்ம பள்ளியில சூடாப் பொங்கல் தர்றாங்க. வீட்டுல இன்னும் சாப்பிடாதவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம்!"

ஒரு கைகூட எழவில்லை.

"யாருமே இல்லையா? எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டாச்சு டீச்சர்!" மைதானம் முழுக்க ஒரே குரல். வாய்ப்பாடு சொல்வது போல ராகத்தோடு வந்தது.

முதல் வரிசையில் ஒரு வாண்டுப்பயல் அண்டாவை விட்டுக் கண்ணை எடுக்காமலே அதைச் சொன்னான். சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கினான்.

யோகேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. பிரமிப்பாக இருந்தது. இத்தனை சின்ன உடம்புகளுக்கு இவ்வளவு கட்டுப்பாட்டை யார் கற்றுக்கொடுத்தது? யோசித்தால், எல்லோரும்தான். தெருவில் எதிர்ப்படுகிறவரெல்லாம் "சாப்பிட்டீகளா?" என்று கேட்கிற ஊர் இது. அதற்கு இங்கே ஒரே ஒரு பதில்தான். உலை வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதே பதில். அது வயிற்றைப் பற்றிய பதிலே அல்ல. வீட்டு மானத்தைப் பற்றியது. அந்த மானத்தை இந்தப் பிள்ளைகள் கையில் கொடுத்து, கீழே போடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நெய் வாசனைக்கு நடுவில்!

அவர்களிடம் போய்க் கையைத் தூக்கு என்றால் எப்படித் தூக்குவார்கள்?

"கேட்டியாம்மா?" ஜெயச்சந்திரன் மருமகளைப் பார்த்தார். குரலில் வெற்றியை விட நிம்மதிதான் அதிகம் இருந்தது. "எம் பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டுத்தான் வருது. அண்டாவைத் தூக்கச் சொல்லு."

"மாமா, ஒரு நிமிஷம்..."

"குறுக்க வரமாட்டேன்னு பேச்சு. உனக்குச் சந்தேகம்னா நான் ஒவ்வொருத்தராக் கேக்கேன், நில்லு."

அவரே வரிசைக்கு வந்தார். பிள்ளைகளிடம் அவர் குரல் தானாகத் தணிந்துவிடும். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

"என்ன ராசா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் ஐயா."

"என்ன சாப்பிட்ட?"

"இட்லி."

"நீ?"

"இட்லி ஐயா."

"நீ தாயி?"

"இட்லி."

"நீ என்னடா சாப்பிட்ட?" இது அந்த எச்சில் விழுங்கிய வாண்டு.

"எனக்கும் அதேதான் ஐயா. எங்க தெருவுல எல்லாருக்கும் இட்லி."

ஆசிரியைகள் சிரித்துவிட்டார்கள். ஜெயச்சந்திரனும் சிரித்தார். ஆனால் பாதிச் சிரிப்பில் நெற்றியைச் சுருக்கினார். ஏதோ கணக்கு உதைத்தது.

அடுத்து நின்றவள் சினேகா. இரட்டைச் சடை, எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தது. சட்டைக் கையில் நேர்த்தியாக ஒரு தையல். அன்று விழுந்ததில் முழங்கையில் பட்ட காயம் காய்ந்து கறுத்திருந்தது.

"உடம்பு எப்படி இருக்கு தாயி?"

"நல்லா இருக்கு ஐயா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் ஐயா." சொல்லிவிட்டு, பெரியவர்கள் விசாரித்தால் திரும்ப விசாரிக்க வேண்டும் என்று வீட்டில் பழக்கியிருந்தார்கள் போல, தலையை நிமிர்த்திக் கேட்டாள்: "நீங்க சாப்பிட்டீகளா ஐயா?"

"சாப்பிட்டாச்சு தாயி" என்றார் ஜெயச்சந்திரன்.

கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டது. யோசிக்கவே இல்லை.

யோகேஸ்வரி அவரைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். 'தட்டைத் தள்ளிட்டுத்தானே வந்தீக மாமா?' என்று அத்தனை பேர் முன்னால் கேட்டிருந்தால் அவள் கட்சி ஜெயித்திருக்கும். கேட்கவில்லை.

ஜெயச்சந்திரன் அப்படியே நின்றார். மாத்திரை வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்கள் லேசாக நடுங்கின. அந்தக் கையைப் பார்த்தார். சினேகாவைப் பார்த்தார். பிறகு மெல்ல, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை, வரிசையில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே போனார். இத்தனை வருடமாகப் பார்த்த முகங்கள்தான். முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"யோகா" என்றார். குரல் கரகரத்தது.

"மாமா?"

"நம்ம வீட்டுக் கல்யாணத்துல பந்திக்கு ஆளை எப்படிம்மா கூப்பிடுவோம்?"

திருத்தங்கலில் யார் வீட்டு விசேஷமானாலும் பந்தி விசாரிப்புக்கு ஜெயச்சந்திரனைத்தான் நிறுத்துவார்கள். அவர் அழைத்து உட்காராதவர் ஊரில் இல்லை. அவரா இதைக் கேட்பது?

யோகேஸ்வரி ஓரடி முன்னால் வந்தாள். "முதல்ல இலையைப் போட்டுருவோம் மாமா."

"ம்."

"அப்புறம் கை கூப்பி, வாங்கன்னு சொல்லுவோம்."

"பசிக்குதான்னு கேப்போமா?"

"கேக்க மாட்டோம் மாமா. அதைக் கேட்டா எவன் உக்காருவான்?"

ஜெயச்சந்திரன் மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். "ரோஜா! தட்டை வரிசையாப் போடு. வராந்தா இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும். எல்லாத் தட்டுலயும் பொங்கலை வச்சிரு. ஒரு தட்டு வெறுமனே இருக்கப்படாது. டீச்சர், நீங்களும் உக்காரணும். எனக்கும் ஒரு தட்டு."

தட்டுகள் சிமென்ட் தரையில் கலகலவென்று விழுந்தன. ஆவி பறக்கும் பொங்கல் ஒவ்வொன்றாக ஏறியது; அதன் நடுவில் குழி பறித்துச் சாம்பார். எல்லாம் ஆன பிறகு ஜெயச்சந்திரன் படியிறங்கி மைதானத்துக்கு வந்தார். கலெக்டர் வந்தபோதும் கழுத்தை மட்டும் அசைத்தவர், முதல் வகுப்பு வரிசைக்கு முன்னால் போய், இடுப்பு வளைய, இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க. எங்கம்மா பேருல பந்தி போட்டிருக்கோம். எல்லாரும் வந்து சாப்பிட்டுத்தான் போகணும். வாங்க ராசா. வாங்க தாயி. வீட்டுல சாப்பிட்டிருந்தாலும் பரவால்ல, பந்தியில உக்காராம போனா எனக்கு மரியாதை இல்ல."

வாண்டுப்பயல் திருதிருவென்று விழித்தான். பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். அப்புறம், விருந்தாளிக்கு உரிய முழு கம்பீரத்தோடு, "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அவ்வளவுதான். வரிசை அவிழ்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை யோகேஸ்வரி வெகுநாள் மறக்கப் போவதில்லை. எப்போதும் சந்தைபோல் இரையும் பள்ளிக்கூடம் அமைதியாகிவிட்டது. பேச்சில்லை, சண்டையில்லை, முறையீடு இல்லை. தட்டில் விரல் வழிக்கும் சத்தம் மட்டும் வராந்தா நெடுக, சின்ன மழை பெய்வது போலக் கேட்டது. வேப்பமரத்துக் காக்கைகள்கூடக் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த யோகேஸ்வரி ஓரிடத்தில் நின்றேவிட்டாள். கோயிலில் திரை விலகுவதற்கு முன் சன்னதியில் இறங்குமே ஒரு மௌனம், அது இங்கே, இந்தச் சிமென்ட் தரையில் இறங்கியிருந்தது.

'எல்லாருக்கும் இட்லி' வாண்டு மூன்றாவது முறை தட்டை நீட்டினான்.

"உப்பு சரியா இருக்காடா?" என்றாள் ரோஜா.

"தெரியலக்கா. இன்னும் கொஞ்சம் போட்டாத்தான் தெரியும்."

ஜெயச்சந்திரன் சம்மணம் போட்டுச் சினேகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதித் தட்டு காலியாகியிருந்தது. கை நடுக்கம் நின்றிருந்தது. சினேகா நெய்யில் வறுத்த மிளகை ஒதுக்கிவைக்காமல் அதையும் மென்று விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் தாயி," மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார், "இப்ப நீ என் விருந்தாளி. விருந்தாளி பொய் சொல்லப்படாது. காலையில வீட்டுல எதுவும் பண்ணலையா அம்மா?"

சினேகா தட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கை கூப்பி அழைத்தவரிடம் சொல்லலாம் என்று பட்டிருக்க வேண்டும்.

"அம்மா மேல தப்பில்ல ஐயா. முந்தியெல்லாம் ஆக்கி வச்சிட்டுத்தான் போவாக. இப்ப சீசன்னு, வேன் இருட்டோடயே வந்துருது. ஏறலைன்னா அன்னைக்கு வேலை இல்ல. தெருவுல எல்லா அம்மாவும் அப்படித்தான் போறாக."

"இருட்டோடயா?" ஜெயச்சந்திரன் நிமிர்ந்தார். "பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பின பிறகுதான் பொம்பளையாளுகளை ஏத்தணும்னு நான் வருஷக்கணக்கா பட்டாசு முதலாளிக சங்கத்துல கத்திக்கிட்டிருக்கேன். எங்க கம்பெனியில அதுதான் சட்டம்!"

"வந்து ஹார்ன் அடிச்சிருவாக ஐயா. விடாம அடிப்பாக."

பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த யோகேஸ்வரியின் கையில் சாம்பார்க் கரண்டி அப்படியே நின்றது.

"எந்தப் பாவிப்பய கம்பெனி தாயி அது?" ஜெயச்சந்திரனின் முகம் சிவந்துவிட்டது. "பேரை மட்டும் சொல்லு. யாரா இருந்தாலும் சரி, இன்னைக்கே நடுச் சங்கத்துல நிறுத்திக் கேக்கேன்."

சினேகாவின் முகம் மலர்ந்தது. அவளுக்குத் தெரிந்த கேள்வி அது. விரலில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையை நக்கிவிட்டு, பெருமையாகச் சொன்னாள்:

"வேன்லயே பேரு எழுதியிருக்கும் ஐயா. நானே எழுத்துக் கூட்டி வாசிச்சேன். ஜெ-ய-ச்-ச-ந்-தி-ர-ன்."